எடுத்த இடத்தில் வைக்கவும்

அன்று அந்த லைப்ரரியில் இருந்தது மொத்தம் ஐந்து பேர்.

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் லைப்ரரியன் கலைச்செல்வி மேடம். இந்தப் பக்கம் நான். என் காலடியில், தரையில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மகள் ரிஸ்வானா. எங்களுக்குப் பின்னால், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிமிஷத்துக்கு ஒரு 'ப்ச்' கொட்டிக்கொண்டு பிரியா. ரிஷிவந்தியத்திலிருந்து வந்து படிக்கிற பெண், கெமிஸ்ட்ரி முதல் வருஷம். ஐந்தாவது ஆள் அட்டெண்டர் அண்ணாமலை. அவர் வந்தது மூன்றேகாலுக்கு மேல்.

எண்ணிக்கையில் தப்பே இருக்காது. பயம் வந்தால் எனக்கு எதையாவது எண்ண வேண்டும். ஃபேன் எட்டு, ஜன்னல் ஆறு, அண்ணாமலை வரும்வரை மனுஷர்கள் நாலு.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. நாலு மணிக்குக் கல்லூரி ஆபீஸை மூடிவிடுவார்கள். அதற்குள் ஹால் டிக்கெட் வாங்காவிட்டால் திங்கட்கிழமை என் மகள் பரீட்சை எழுத முடியாது. ஹால் டிக்கெட் வேண்டுமானால் லைப்ரரியில் 'நோ டியூ' சீட்டு வேண்டும். நோ டியூ வேண்டுமானால் அவள் எடுத்த ஆறு புத்தகம் வேண்டும்.

ஆறு புத்தகத்தையும் காணோம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எனக்குப் பைக் கடை. மோட்டார் பைக் இல்லை… தோளில் மாட்டுகிற பை. எட்டாம் வகுப்போடு தன் பையை இறக்கி வைத்துவிட்டு, முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குப் பை விற்கிறவன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் கவலைகளை உங்கள் தலையில் கட்டுகிறவன். பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும். கடையைப் பூட்டிவிட்டு நாலு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஐந்தாவது தடவை பக்கத்துக் கடைக்காரரை விட்டு இழுக்கச் சொல்வேன்.

இவ்வளவு கவலைப்படுகிறவனுக்கு, கவலைப்பட வேண்டிய விஷயம் மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது?

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்து செல்போனை எடுத்தால் நாலு மிஸ்டு கால். தொழுகைக்காக சைலண்ட்டில் போட்டிருந்தேன். நாலும் கல்லூரி ஆபீஸிலிருந்து. திரும்பக் கூப்பிட்டேன்.

"பாய், ரிஸ்வானாவுக்கு நோ டியூ தர முடியல. ஆறு புக் ரிட்டன் ஆகல. உடனே வாங்க. இன்னிக்குத்தான் லாஸ்ட்."

'டியூ' என்ற வார்த்தையே எனக்கு ஆகாத வார்த்தை. எங்கள் தெருவில் டியூ என்றால் மோட்டார் பைக் டியூ, ஃபிரிட்ஜ் டியூ, மகளிர் குழு டியூ. புத்தகத்துக்கும் டியூ உண்டென்று அன்றுதான் தெரியும். கடைக்குக்கூடப் போகாமல் அப்படியே ஆட்டோ பிடித்தேன். தொழுகைக்குப் போகும்போது பர்ஸைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். கூட்டத்தில் யாராவது அடித்துவிட்டால்? ஆக, ஆட்டோவுக்குக் கொடுத்தது போக, கறி வாங்க வைத்திருந்த முந்நூறு ரூபாய் மட்டும் சட்டைப் பையில்.

லைப்ரரிக்குள் அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக நுழைகிறேன். செருப்பை வெளியே விடணுமா, உள்ளே விடணுமா என்று வாசலிலேயே அரை நிமிஷம் போயிற்று.

ரிஸ்வானாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். ஆட்டிசம். கூடவே, எதையும் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். 'கொஞ்சம் இரு' என்றால் எவ்வளவு என்று கேட்பாள். பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆள் தர வேண்டும் என்று மூன்று மாசம் அலைந்து உத்தரவு வாங்கியிருந்தேன். காலண்டரில் திங்கட்கிழமையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, தினமும் ஒரு தேதியை அடித்துக்கொண்டு வந்தாள்.

'இந்தத் தடவை போகட்டும், அடுத்த தடவை எழுதிக்கலாம்' என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்லலாம். இவளிடம் முடியாது. பதினோராம் வகுப்பில் திடீரென்று வகுப்பறையை மாடிக்கு மாற்றினார்கள். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள் எட்டு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்ப அழைத்துப் போக நானும் என் மனைவி நூர்ஜஹானும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நானும் ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் போகவில்லை. எட்டாம் வகுப்பு, கணக்குப் பரீட்சை. அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காய்ச்சல், கடையில் ஆளில்லை, 'இன்னிக்கு ஒரு நாள் உக்காருடா' என்றார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.



"எங்கம்மா வெச்சே?" என்று முதலில் மெதுவாகத்தான் கேட்டேன்.

"எடுத்த எடத்துல."

"வூட்லயா?"

"எடுத்த எடத்துல."

"பஸ்ல எங்கியாவது…?"

"எடுத்த எடத்துல வெச்சிட்டேன்த்தா."

மேடம் எழுந்து போய் வரலாற்று அலமாரியில் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். ஓடாத குறையாக நடந்தேன். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு. அந்த ஆறு புத்தகத்தின் நம்பரும் மேடத்தின் கையில் சீட்டில் இருந்தது. ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டினார்.

"இல்லை… இல்லை… இதுவும் இல்லை."

பின்னாலிருந்து பிரியாவின் குரல்.

"மேடம், எனக்கு மட்டும் ஒரு சீட்டு போட்டு வுட்டுடுங்க மேடம். மூணே முக்கா பஸ்ஸ வுட்டா அப்புறம் ஆறு மணிக்குத்தான். எங்கம்மா திட்டும்."

"இரும்மா. இவங்க பேஜை மூடினா திரும்ப முதல்ல இருந்து வரணும். சர்வர் இன்னிக்கு ஆமை மாதிரி ஓடுது."

"அவுங்க புக்க பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுக் கடலமுட்டாய் வாங்கித் துன்னுட்டிருப்பாங்க. நாம இங்க நின்னுக்கினு…"

எனக்குக் கேட்டது. மேடத்துக்கும் கேட்டது. ரிஸ்வானாவுக்கும் கேட்டது என்பதுதான் எனக்கு உறைத்தது. அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்க ஆரம்பித்துவிட்டன.

"தொலைஞ்சதா எழுதிக் குடுத்துடறேன் மேடம். காசு எவ்வளவானாலும் கட்டிடறேன்" என்றேன்.

"அதுக்கு பிரின்சிபல் கையெழுத்து வேணும் பாய். அவரு விழுப்புரத்துல மீட்டிங்ல இருக்காரு. நாளைக்குத்தான் வருவாரு."

"நாளைக்கு ஆபீஸ்ல ஹால் டிக்கெட்…?"

"இன்னிக்கு நாலு மணியோட சரி. உங்களுக்கு மெசேஜ் அனுப்பினோமே பாய்? ரெண்டு மாசமா போய்க்கிட்டே இருக்கே. பார்க்கலையா?"

மெசேஜ்! செல்போனை எடுத்துக் கொடுத்தேன். மேடம் தேடினார். பிளாக் செய்த நம்பர்களின் வரிசையில் கல்லூரி லைப்ரரி இருந்தது. மேலே ஒரு லோன் கம்பெனி, கீழே ஒரு லாட்டரி மோசடி.

மெசேஜ் இங்கிலீஷில் வந்தது. 'ஓவர்டியூ', 'ஃபைன்', 'பே' — இந்த மூன்று வார்த்தை மட்டும் எனக்குப் புரியும். யாரோ காசைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று முதல் மெசேஜிலேயே பிளாக் செய்துவிட்டேன். அன்று சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரருக்கெல்லாம் 'உஷாரா இருங்கப்பா' என்று வகுப்பே எடுத்தேன்.

மேடம் செல்போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அந்த வெட்கம் அப்படியே கோபமாயிற்று. கோபம் யார் மேல் போகும்? எதிர்த்துப் பேசாதவர்கள் மேல்தான்.

"எங்கடி வெச்சே? வாயத் தொறந்து சொல்லேன்டி!"

கத்திவிட்டேன். லைப்ரரியில்… 'அமைதி' என்று எழுதியிருக்கிற போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு.

ரிஸ்வானா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் குந்தினாள். முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். "எடுத்த எடத்துல எடுத்த எடத்துல எடுத்த எடத்துல" — நிறுத்தாமல், மூச்சு விடாமல். எனக்கு அந்தக் குரல் தெரியும். அதற்கு அடுத்து அலறல் வரும். அலறல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போன வருஷம் பேங்கில் அப்படித்தான் ஆயிற்று. வாட்ச்மேன் போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டார்.

மணி மூன்று பத்து.

நூர்ஜஹானிடமிருந்து போன். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

பிரியா 'ப்ச்' கொட்டுவதை நிறுத்திவிட்டாள். மேடம் எழுந்து போய், ரிஸ்வானாவின் தலைக்கு மேலே கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தார். அது எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷமாக வளர்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கல்லூரியில் சேர்க்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, 'என் பொண்ணு மாதிரி பிள்ளைங்களுக்கு இங்க என்ன வசதி இருக்கு?' உற்சாகமாகச் சுற்றிக் காட்டினார்கள். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிற கம்ப்யூட்டர். தலையை ஆட்டிக்கொண்டே நடந்தேன். என் மகளுக்குக் கால் நன்றாக நடக்கும். கண் என்னுடையதைவிடக் கூர்மை. 'இவளுக்கு?' என்று திரும்பக் கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்: 'லைப்ரரியில மத்தவங்களுக்கு மூணு புக். இவங்களுக்கு ஆறு.'

அந்தச் சலுகைதான் வினை. மற்றப் பிள்ளை என்றால் மூன்றாவது புத்தகத்திலேயே கவுண்ட்டரில் நிறுத்தி, 'பழசைக் கொண்டு வா' என்றிருப்பார்கள். இவளை ஆறுவரை யாரும் நிறுத்தவில்லை.

ஆனாலும் அவளுக்குக் கல்லூரியில் பிடித்த ஒரே இடம் லைப்ரரிதான். வராண்டா சத்தம் தாங்க முடியாமல் போனால் இங்கே வந்துவிடுவாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஆறு, மலை, பழைய ராஜ்ஜியங்கள் என்று வரைபடம் போட்ட புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு உட்காருவாள். தென்பெண்ணை எந்தப் படத்தில் இருக்கிறது என்று விரலால் தேடுவாள். வீட்டுக்கும் கொண்டு வருவாள். கிழித்துவிடுவாளோ, குழம்பு சிந்திவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் வராது. இரண்டு மாசமாக அவள் ஒரு புத்தகமும் கொண்டு வராததால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

அந்த இரண்டு மாசமாக அவள் வீட்டில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். 'மாத்திட்டாங்க.' சாப்பிடும்போது, படுக்கும்போது… 'அத்தா, மாத்திட்டாங்க.' யாரை என்றால் பதில் வராது. பஸ் டிரைவரை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மூன்றேகாலுக்கு மேல் கதவு திறந்தது. அண்ணாமலை. வெள்ளிமலைக்காரர். தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து, சாயங்காலம் ஏறிப் போகிறவர். இந்த லைப்ரரியின் அட்டெண்டர்தான். இரண்டு மாசமாக அவரை ஆபீஸ் வேலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளில் துண்டு.

"இன்னா பாய், பாப்பா ஏன் கீழ குந்திக்கினு இருக்குது?"

மேடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். அண்ணாமலை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரிஸ்வானாவிடம் எங்கே வைத்தாய் என்றும் கேட்கவில்லை. ஃபைலை மேஜைமேல் வைத்தார். அவளுக்கு எதிரில், இரண்டு முழம் தள்ளி, அவரும் தரையில் குந்தினார். வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

"குடு பாப்பா."

அவ்வளவுதான். ஆட்டம் நின்றது.

ரிஸ்வானா காதிலிருந்து கையை எடுத்தாள். எழுந்தாள். நேராக நடந்தாள். வரலாற்று அலமாரிப் பக்கமே திரும்பவில்லை… ஜன்னலோரம், மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு. கெமிஸ்ட்ரி! தடித் தடியான கெமிஸ்ட்ரி புத்தகங்களுக்கு நடுவிலிருந்து ஒல்லியாக ஒன்றை உருவினாள். கொண்டுவந்து அண்ணாமலையின் உள்ளங்கையில் வைத்தாள்.

மேடம் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். "வரலாறு!"

"குடு பாப்பா."

இரண்டாவது.

"குடு பாப்பா."

மூன்றாவது. மேடம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யோ பாய்… அந்த ரேக்தான் முன்னாடி ஹிஸ்டரி ரேக்கா இருந்துச்சு. ரெண்டு மாசம் முன்னாடி ஆய்வுக் குழு வருதுன்னு எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சோம்."

மாத்திட்டாங்க!

நான் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தேன். அதே குழுவுக்காக எழுதி மாட்டிய புது போர்டு. பச்சை எழுத்து. நான் தமிழில் படிக்கத் தெரிந்தவன்தான். உள்ளே வந்து அரை மணி நேரம் ஆகியும் படிக்கவில்லை.

'எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்கவும்.'

அதுவரை வாசலில் அண்ணாமலை உட்கார்ந்திருப்பார். இவள் புத்தகத்தோடு வந்தால் 'குடு பாப்பா' என்று கையை நீட்டுவார். வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மேடத்திடம் கொடுப்பார். திருப்பிக் கொடுப்பது என்றால் அவளுக்கு அந்தக் கைதான். கை ஆபீஸுக்குப் போய்விட்டது. பதிலுக்கு போர்டு வந்தது. போர்டு சொன்னதைச் செய்தாள். அலமாரியை மாற்றினார்களே தவிர இடத்தை யார் மாற்ற முடியும்? ஜன்னலிலிருந்து மூன்றாவது, இரண்டாவது தட்டு. எடுத்தது அங்கே. வைத்ததும் அங்கே. கல்லூரியில் அந்த போர்டுக்கு முழுசாகக் கீழ்ப்படிந்த ஒரே ஆள் என் மகள்தான். அவளுக்குத்தான் ஹால் டிக்கெட் இல்லை.

நாலாவது வந்தது. ஐந்தாவது வந்தது. மணி மூன்று முப்பது.

"குடு பாப்பா."

ஆறாவதுக்குப் போனவள் அலமாரி முன்னால் நின்றுவிட்டாள். கை நீண்டது. இரண்டு புத்தகத்துக்கு நடுவில் விரலை வைத்தாள். அங்கே இடைவெளி இல்லை. எடுத்தாள். வைத்தாள். கெமிஸ்ட்ரி. திரும்ப எடுத்தாள். கெமிஸ்ட்ரி.

"இங்க. இங்க. இங்க." குரல் ஏற ஆரம்பித்தது. கை காதுக்குப் போயிற்று.

அண்ணாமலை நீட்டிய கையை மடக்கவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். "சும்மா இருங்க பாய்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மேடம்…"

பிரியா. முகம் செத்துப் போயிருந்தது.

"மேடம், அது… வரைபடம் போட்ட அட்டையா? பச்சைக் கலர்ல?"

"ஆமா. ஏன்?"

"அது நான்தான் மேடம். போன வாரம் ரெகார்டு எழுத புக் தேடிக்கினு இருந்தேன். கெமிஸ்ட்ரில எந்த லூசு ஹிஸ்டரியக் கொண்டாந்து சொருகி வெச்சிச்சுன்னு…" வார்த்தையை நிறுத்திவிட்டு ரிஸ்வானாவைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எடுத்து அலமாரி மேல கடாசிட்டேன்."

சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தூசியோடு பச்சை அட்டை இறங்கியது. என்னிடம் நீட்டினாள். வாங்கப் போனவனை அண்ணாமலையின் கண் தடுத்தது.

"அதும் எடத்துல வெய்யிம்மா" என்றார் பிரியாவிடம்.

பிரியா புத்தகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். "இங்கியாக்கா?" என்று ரிஸ்வானாவைக் கேட்டாள். ரிஸ்வானா விரலால் காட்டினாள். பிரியா சொருகினாள். ரிஸ்வானா அதை உருவினாள். அண்ணாமலையின் கையில் வைத்தாள்.

ஆறு.

நான் அழவில்லை. லைப்ரரியில் தூசி ஜாஸ்தி.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு எதற்கு இந்த வியாதி? மேடம் ஆறு புத்தகத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். சர்வர் யோசித்தது. யோசித்துவிட்டு ஒரு தொகையைக் காட்டியது.

"முந்நூத்தி அறுபத்தி ரெண்டு ரூபா ஃபைன் காட்டுது பாய்."

"புக்குதான் உள்ளேயே இருந்துச்சே மேடம்!"

"எனக்குத் தெரியுது. சாஃப்ட்வேருக்குத் தெரியாதே. கட்டினாத்தான் நோ டியூ பிரிண்ட் வரும். ரத்து பண்ணணும்னா அதுக்கும் பிரின்சிபல்தான்."

மணி மூன்று நாற்பது. சட்டைப் பையில் முந்நூறு. "போன்ல அனுப்பறேன் மேடம்" என்றேன். லைப்ரரியில் ரொக்கம் மட்டும்தானாம். மேடத்தின் பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டுதான், கவுண்ட்டர் டப்பாவில் சில்லறை கம்மி. பிரியா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பஸ் பாஸ், இரண்டு பேனா, பத்து ரூபாய் நோட்டு ஒன்று.

அண்ணாமலையின் இரண்டு கையிலும், ஏற்றி முடித்த ஆறு புத்தகம். தாடையால் தன் சட்டைப் பையைக் காட்டினார்.

"பாப்பா, ஜோப்புல கைய வுட்டு எடுத்துக்கோ. அறுவத்தி ரெண்டு."

ரிஸ்வானா நிதானமாக எடுத்தாள். ஓர் ஐம்பது. ஒரு பத்து. ஓர் இரண்டு ரூபாய்க் காசு. மிச்சமிருந்த சில்லறையைச் சரியாகத் திரும்பப் போட்டாள்.

"பஸ்ஸுக்கு இன்னா பண்ணுவீங்க அண்ணாமலை?" என்றேன்.

"ஜீப்புக்காரன் நம்ம ஊரு பையன் பாய். தொத்திக்கினு போயிடுவேன். நீங்க மொதல்ல ஓடுங்க!"

ஓடினோம். நான், கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு ரிஸ்வானா, தன் சீட்டையும் வாங்கிக்கொண்டு பின்னாலேயே பிரியா. ஆபீஸில் ஜன்னல் கதவைப் பாதி சாத்தியிருந்தார் கிளார்க். "ஏன் சார் எல்லாரும் கடைசி நிமிஷத்துல வர்றீங்க?" என்று சலித்துக்கொண்டே நீட்டினார். மூன்று ஐம்பத்தைந்து. பிரியாவின் பஸ் போயே போய்விட்டது. "பரவால்ல பாய். எங்கம்மாகிட்ட உங்க பேரச் சொல்லிக்கிறேன்" என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை ரிஸ்வானா பரீட்சை எழுதினாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று அந்தக் கட்டிடத்தின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு.

அடுத்த வாரம் லைப்ரரிக்குப் போனேன். செருப்புக் குழப்பம் இல்லை. தைரியமாகப் போட்டுக்கொண்டே போனேன். அலமாரிக்கு அலமாரி கலர் டேப் ஒட்டியிருந்தார் மேடம். வரலாற்றுக்குப் பச்சை. ரிஸ்வானாவைக் கூடவே நடத்திக்கொண்டு போய், பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு ஒவ்வொரு புத்தகமாக அவளையே மாற்றி வைக்கச் சொன்னாராம். இரண்டு சாயங்காலம் ஆயிற்றாம். அண்ணாமலையை ஆபீஸிலிருந்து சண்டை போட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

பழைய போர்டைக் கழற்றிவிட்டார்கள். புதுசாக மேடத்தின் கையெழுத்தில் ஒன்று: 'படித்த புத்தகத்தை அண்ணாமலையிடம் கொடுக்கவும்.'

எனக்கு உடனே அடுத்த கவலை வந்தது. "அண்ணாமலை லீவு போட்டா மேடம்?"

மேடம் சிரித்துக்கொண்டே ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். கீழே ஒரு வரி சேர்த்தார். 'அவர் இல்லையென்றால் மேடத்திடம்.'

நீங்க லீவு போட்டா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த ஒரு கவலையை நான் வைத்துக்கொள்கிறேன்.

சரிவுப் பாதைக்கு சிமெண்ட் வேண்டும், பேசுகிற கம்ப்யூட்டருக்குப் பணம் வேண்டும். என் மகளுக்கு வேண்டியிருந்தது வாசலில் நீட்டிய ஒரு கை. அதை எந்தக் குழுவிடம் எந்தப் படிவத்தில் காட்டுவார்கள் என்றுதான் தெரியவில்லை.

செல்போனில் லைப்ரரி நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது மெசேஜ் தமிழில் வருகிறது.

அந்தப் புது போர்டைப் பார்த்த அன்றைக்கே அண்ணாமலையிடம் அறுபத்திரண்டு ரூபாயை நீட்டினேன். அவரும் வாங்கக் கையை நீட்டினார். நடுவில் ரிஸ்வானா வந்து பணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஜோப்புல எடுத்தேன். ஜோப்புலதான் வெக்கணும்."

"இந்தா பாப்பா, ஜோப்பு. போடு" என்று அண்ணாமலை நெஞ்சை முன்னால் தள்ளிக் காட்டினார்.

அவள் தலையை ஆட்டினாள். "இது வெள்ளச் சட்ட."

நாங்கள் மூன்று பேரும் அந்தச் சட்டையைப் பார்த்தோம். அண்ணாமலைதான் முதலில் சிரித்தார்.

"அந்த நீலக்கட்டம் ஊர்ல கொடியில கெடக்குது பாய். மலையில ஒரே மழ. காயவே மாட்டேங்குது!"

ஓர் ஐம்பது, ஒரு பத்து, ஓர் இரண்டு ரூபாய்க் காசு. கவரில் போட்டுப் பையின் முன் ஜிப்பில் வைத்திருக்கிறாள். தினமும் கல்லூரிக்குக் கொண்டு போகிறாள். வாசலில் அண்ணாமலையின் சட்டையைப் பார்க்கிறாள். திரும்பக் கொண்டு வருகிறாள்.

வெள்ளிமலையில் வெயிலடிக்கும் வரை பாக்கி — ரூபாய் அறுபத்திரண்டு.